யூத மரபில் கடவுளோடு பேசப் பழகுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் நம்பிக்கை வரட்டும், பிறகு வழிபாட்டைத் தொடங்கலாம் என்று இருப்பவர்கள் யூத மரபில் நெடுநாள் காத்திருக்க நேரும். அங்கே வரிசை வேறு. சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் ‘செய்வோம், கேட்போம்’ என்று சொன்னதாக யாத்திராகமம் 24:7 சொல்கிறது. செய்வது முன்னால், விளங்கிக்கொள்வது பின்னால். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்ட ‘செஃபெர் ஹஹினுக்’ என்ற கட்டளை விளக்க நூல், செயல்களின் பின்னே மனம் இழுபட்டுப் போகும் என்கிறது. ஆகவே கீழே உள்ளவை எல்லாம் வாயால் சொல்ல வேண்டியவை அல்லது கையால் செய்ய வேண்டியவை. பெரும்பாலானவற்றுக்கு நேரமும் அளவும் உண்டு. பக்தி உணர்ச்சிக்கு அப்படி அளவு கிடையாது என்பதால் அதை இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

யூதராகப் பிறக்காதவர் இவற்றைச் செய்யலாமா? யூத மதம் யாரையும் மதம் மாற அழைப்பதில்லை. நோவாவின் வழிவந்த மனிதகுலம் முழுமைக்கும் 7 அடிப்படைக் கட்டளைகள் உண்டு. அவற்றின்படி நடக்கும் பிற இனத்து நல்லோருக்கும் மறுமையில் பங்குண்டு என்பது ரபிகளின் (யூத சமய ஆசான்களின்) நிலைப்பாடு. எருசலேம் ஆலயத்தைத் திறந்துவைத்த சாலொமோனே, தூர தேசத்து அந்நியன் வந்து வேண்டினாலும் கேட்டருள வேண்டும் என்று மன்றாடினான் (1 இராஜாக்கள் 8:41–43). எனவே நன்றி சொல்வது, சங்கீதம் வாசிப்பது, சொந்த வார்த்தையில் பேசுவது, தானம் கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது ஆகியவை எவருக்கும் பொது. கையிலும் நெற்றியிலும் கட்டும் தெஃபில்லின் பெட்டிகள், ஓய்வுநாளை முழு விதிகளோடு அனுசரிப்பது, ‘உம் கட்டளைகளால் எங்களைப் புனிதப்படுத்தியவரே’ என்று வரும் வாசகங்கள் ஆகியவை யூதருக்குரிய உடன்படிக்கையைச் சேர்ந்தவை. அவற்றை நடித்துப் பார்க்க வேண்டாம்.

யாரிடம் பேசுகிறோம்?

இதற்கு யூத அறிஞர்களுக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. 1204இல் மறைந்த மைமோனிடீஸ், கடவுளுக்கு உடலில்லை, உருவமில்லை, நாம் சூட்டும் குணங்கள்கூட அவரை விவரிக்கா என்றார். அவருக்கு முந்திய கவிஞர் யெஹூதா ஹலேவியோ, தத்துவவாதி சிந்தித்து அடையும் கடவுளுக்காக எவரும் உயிரைக் கொடுப்பதில்லை, ஆபிரகாம் அனுபவித்து அறிந்த கடவுளுக்காகத்தான் கொடுப்பார்கள் என்ற பக்கம் நின்றார். புதியவர் இந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு எல்லைகளை மட்டும் மனத்தில் வையுங்கள். பேசும்போது ஓர் உருவத்தைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. நடுவில் தேவதூதரையோ மறைந்த மகானையோ வைத்து அவரிடம் கோரிக்கை வைக்கக் கூடாது. ரபிகளின் சமாதிக்குப் போகும் வழக்கம் யூதரிடம் உண்டே என்றால், உண்டு. ஆனால் அங்கே போய் நின்றாலும் வேண்டுவது கடவுளிடம்தான் என்று ரபிகள் திரும்பத் திரும்ப நினைவூட்டுவார்கள்.

கடவுளின் நான்கெழுத்துப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. வழிபாட்டில் அதோனாய் என்பார்கள், சாதாரணப் பேச்சில் ஹஷேம்.

கண்விழித்ததும்

தொடங்க மிக எளிய இடம் படுக்கை. கண் திறந்தவுடன், எழுவதற்கு முன், ‘மோதே அனி’ என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். எபிரேயத்தில் 12 சொற்கள். பெண்கள் ‘மோதா அனி’ என்று தொடங்குவார்கள். பொருள்: என்றும் வாழும் அரசே, இரக்கத்தோடு என் உயிரை எனக்குத் திருப்பித் தந்தீர், உமக்கு நன்றி, உமது நம்பகம் பெரிது. இரக்கம் என்ற சொல்லுக்குப் பின் சிறிது நிறுத்தி, கடைசி இரண்டு சொற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் கடவுளின் பெயர் வருவதில்லை. அதனால் கை கழுவுமுன்பே சொல்லலாம். கலிலேயாவின் சஃபேத் பகுதியில் வாழ்ந்த ரபி மோஷே பென் மகீர் எழுதி 1599இல் அச்சான நூலில் இது வருகிறது. தமிழில் சொன்னாலும் தவறில்லை.

பிறகு கை கழுவுதல். ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து, இடது கைக்கு மாற்றி வலது கையில் ஊற்றுங்கள். அடுத்து இடது கையில். இப்படி மாறி மாறி ஒவ்வொரு கைக்கும் 3 முறை. அலைபேசி இதற்குப் பின்தான். இந்தப் பழக்கம் பெரும்பாலும் உடைவது அங்கேதான்: அலாரத்தை அணைக்கக் கை போகும், திரையில் செய்தி தெரியும், நாள் வேறெங்கோ தொடங்கிவிடும். வேறு அலாரக் கடிகாரம் வாங்கிவிடுவது எந்தத் தியானப் பயிற்சியைவிடவும் பயன் தரும்.

சாப்பாட்டுக்கு முன்

மோதே அனி ஒரு வாரம் நிலைத்த பிறகு அடுத்தது பெராகா எனப்படும் ஆசிமொழி. ஒரு மனிதர் நாளொன்றுக்கு 100 பெராகா சொல்லக் கடமைப்பட்டவர் என்று, பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத்தில் ரபி மேயீர் சொல்கிறார். தினமும் மூன்று வேளை வழிபடும் யூதருக்கு, பின்னால் பார்க்கப்போகும் அமிதா மட்டுமே 57ஐக் கொடுத்துவிடும். புதியவருக்கு ஒன்று போதும்: காலை முதல் டீ அல்லது காபிக்கானது.

எல்லா உணவு பெராகாவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: ‘பாரூக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம்’. ஆண்டவரே, எங்கள் கடவுளே, உலகின் அரசே, நீர் போற்றி என்று பொருள். முன்னால் நிற்பவரிடம் பேசுவதுபோலத் தொடங்கும் வாசகம், முடியும்போது ‘படைக்கிறவர்’ என்று படர்க்கைக்கு நகர்ந்துவிடும். நெருக்கமும் தூரமும் ஒரே மூச்சில் வருகின்றன; யூத மரபு சொல்லும் உறவின் இயல்பே அதுதான். முடிவுப் பகுதி பண்டத்துக்குத் தக மாறும்.

டீ, காபி, பால், முட்டை, மீன் ஆகியவற்றுக்கு ‘ஷெஹகோல்’: எல்லாம் அவர் சொல்லால் உண்டானது. மாம்பழம், கொய்யா போன்ற மரக்கனிக்கு ‘போரே ப்ரீ ஹாஎட்ஸ்’. காய்கறிக்கும் பருப்புக்கும் ‘போரே ப்ரீ ஹாஅதாமா’, மண்ணின் விளைவுக்கு உரியது. வாழைப்பழம் மரக்கனி அல்ல, மண்ணின் விளைவு: ஒருமுறை குலை தள்ளிய வாழை மீண்டும் காய்ப்பதில்லை, மரமென்றால் அதே தண்டிலிருந்து ஆண்டுதோறும் காய்க்க வேண்டும். கோதுமை ரொட்டிக்கு ‘ஹமோட்ஸி’, திராட்சரசத்துக்கு ‘ஹகாஃபென்’, கேக், பிஸ்கட் வகைக்கு ‘மெஸோனோத்’. நம் சாப்பாட்டில் முக்கியமான சோறு கொஞ்சம் விசித்திரமான இடத்தில் இருக்கிறது: சாப்பிடுமுன் கேக்குக்குரிய மெஸோனோத்தையே சொல்ல வேண்டும், சாப்பிட்ட பின் மட்டும் கேக்குக்குரிய நீண்ட ஆசி கிடையாது, ‘போரே நெஃபஷோத்’ என்ற சிறிய ஆசி போதும். சாப்பிட்டபின் சொல்லும் ஆசிக்கு ஓர் ஆலிவ் காயளவாவது (சுமார் 27 முதல் 30 மி.லி. கொள்ளளவு) உண்டிருக்க வேண்டும். முன்னால் சொல்வதற்குக் குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லை.

செய்யும் முறை: பண்டத்தை வலது கையில் எடுங்கள், சொல்லுங்கள், உடனே ஒரு வாய் உண்ணுங்கள். இடையில் பேசக் கூடாது. ‘உப்பு எங்கே?’ என்று கேட்டுவிடுவது பழைய வியாதி. உப்பு மேசைக்கு வந்துவிட்டதா என்று முதலிலேயே பாருங்கள்.

தவறினால் என்ன? எதற்கும் ஷெஹகோல் சொல்லிவிட்டால் கடமை நிறைவேறியதாகவே கொள்வார்கள். மரக்கனிக்கு மண்ணின் விளைவுக்குரியதைச் சொன்னாலும் செல்லும், ஏனென்றால் மரமும் மண்ணில்தான் நிற்கிறது. மண்ணின் விளைவுக்கு மரக்கனிக்குரியதைச் சொன்னால் செல்லாது. சொன்னோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி சொல்லக் கூடாது. காரணமின்றிக் கடவுளின் பெயரைச் சொல்வது, மறந்துவிடுவதைவிடப் பெரிய குற்றமாக எண்ணப்படுகிறது. அதனால்தான் மனப்பாடம் செய்யும் காலத்தில் அதோனாய் வரும் இடத்தில் ஹஷேம் என்று வைத்துப் பழகச் சொல்வார்கள்.

கழிப்பறைக்குப் போய்வந்து கை கழுவியபின் சொல்லவும் ஒரு பெராகா உண்டு, ‘அஷேர் யாட்ஸர்’. உடலில் துவாரங்களையும் குழாய்களையும் ஞானத்தோடு படைத்தீர், அவற்றில் ஒன்று அடைத்தாலோ கிழிந்தாலோ உம் முன் நிற்க இயலாது என்கிறது அது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஷெமா

‘இஸ்ரவேலே, கேள், கர்த்தர் நம் கடவுள், கர்த்தர் ஒருவரே’ (உபாகமம் 6:4). வலது கையால் கண்களை மூடிக்கொண்டு, காலையும் இரவும் சொல்வது. முழு ஷெமா என்பது உபாகமம் 6:4–9, 11:13–21, எண்ணாகமம் 15:37–41 ஆகிய மூன்று பகுதிகள். காலையில் பகல்பொழுதின் முதல் காற்பங்கு முடிவதற்குள் சொல்ல வேண்டும்: சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால், 9 மணிக்குள். இரவில் நட்சத்திரம் தெரிந்தபின். மனம் முழுதாக நிற்க வேண்டியது முதல் வசனத்திலாவது. படுக்கையில் முதல் வசனத்தை மட்டும் சொல்லிப் பழகுவதே தொடக்கத்துக்கு நிறைவு.

நின்று வேண்டுதல்

அமிதா யூத வழிபாட்டின் மையம். கால்களை ஒட்டி, எருசலேமை நோக்கி நின்று, உதடு அசைய, தனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்வது. தமிழ்நாட்டிலிருந்து வடமேற்கே திரும்ப வேண்டும். இந்தத் தாழ்ந்த குரலுக்கு முன்மாதிரி சாமுவேலின் தாய் அன்னாள். அவள் உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்துவிட்டான்.

மூன்றடி பின்னால் வந்து, மூன்றடி முன்னால் போய் நில்லுங்கள். தொடக்க வரி சங்கீதம் 51இல் இருக்கிறது: ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும். தமிழ் வேதாகமத்தில் இது 15ஆம் வசனம், எபிரேய நூல்களில் 17ஆவது. எபிரேயத்தில் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் பல சங்கீதங்களில் இப்படி ஒன்றிரண்டு எண் தள்ளிப்போகும். யூத வழிபாட்டு நூலைத் தமிழ் வேதாகமத்தோடு ஒப்பிடுபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

வார நாட்களில் அமிதாவில் 19 ஆசிகள்: முதல் 3 துதி, நடுவே 13 வேண்டுதல், கடைசி 3 நன்றி. ஞானம், மன்னிப்பு, நோய் நீங்கல், விளைச்சல் என்று வேண்டுதல்கள் ஒழுங்காக வரும். உங்கள் சொந்தக் கோரிக்கைக்கும் இடமிருக்கிறது. நோயாளியின் பெயரை 8ஆவதில் சேர்க்கலாம். மற்றெதையும் ‘வேண்டுதலைக் கேட்பவரே’ என்று முடியும் 16ஆவதில், எந்த மொழியிலும் வைக்கலாம். அமிதாவையும் ஷெமாவையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று, தால்முத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவே அனுமதிக்கிறது.

முழு அமிதாவையும் முதல் நாளே எடுத்தால் புதியவர் ஒரு வாரத்தில் களைத்துவிடுவார். கவனமின்றிப் பெருக்குவதைவிடக் கவனத்தோடு கொஞ்சம் வேண்டுவது மேல் என்று யூத சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. முதல் ஆசியை மட்டும் ஒரு மாதம் சொல்லுங்கள். கவனம் கட்டாயமான ஆசியும் அதுவே. ‘ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள்’ என்று அது ஒவ்வொருவர் பெயரோடும் கடவுளைத் திரும்பச் சொல்கிறது. மூவருக்கும் அவரவர் வழியில் உறவு இருந்தது என்பது வழக்கமான விளக்கம்.

கேட்கக் கூடாத கோரிக்கையும் உண்டு. ஊருக்குள் நுழையும்போது அழுகுரல் கேட்டால், ‘அது என் வீடாக இருக்கக் கூடாது’ என்று வேண்டுவது வீண் வேண்டுதல் என்கிறது மிஷ்னா. நடந்து முடிந்ததை மாற்றக் கேட்கக் கூடாது. தேர்வு எழுதி, விடைத்தாளும் திருத்தியாகிவிட்டதென்றால், நல்ல மதிப்பெண் வேண்டும் என்று கேட்பதும் இந்த வகைதான். அதைத் தாங்கும் மனம் வேண்டும் என்று கேட்கலாம்.

சொந்த வார்த்தையில்

கட்டமைந்த வாசகம் சிலருக்கு எவ்வளவு சொன்னாலும் உள்ளே இறங்காது. அவர்களுக்கு பிரஸ்லாவ் ரபி நஹ்மான் (1772–1810) தந்த வழி ஹித்போததுத்: தனியாக இருந்து, தாய்மொழியில், வாய்விட்டுக் கடவுளிடம் பேசுவது. அவருடைய சீடர்கள் பேசியது இத்திஷ். உங்களுக்குத் தமிழ், அதுவும் வீட்டுத் தமிழ். ‘நீ’ என்பதா ‘நீர்’ என்பதா என்று தயங்கினால், அம்மாவிடமோ தாத்தாவிடமோ எது இயல்பாக வருமோ அதையே வையுங்கள்.

நஹ்மான் சொன்னது தினம் ஒரு மணி நேரம். 10 நிமிடத்தில் தொடங்குங்கள். கதவைச் சாத்திய அறை, மொட்டை மாடி, வயல் வரப்பு எதுவும் சரி. வீட்டார் காதில் விழாத இடமாக இருக்கட்டும், இல்லையென்றால் அவர்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுவீர்கள். நிமிடமானியை வைத்துவிட்டு நன்றியில் ஆரம்பியுங்கள், பெயர் சொல்லக்கூடிய மூன்று காரியங்களோடு. பிறகு அன்று நடந்தது, அதில் நீங்கள் சறுக்கிய இடம், அதன்பின் தேவை. மனத்துக்குள் நினைத்தால் போதாது, சத்தம் வரவேண்டும். மனத்துக்குள் நினைப்பது இரண்டாவது நிமிடத்தில் கடன் தவணைக்கோ அலுவலகத்துக்கோ ஓடிவிடும். நாக்கு அசைந்தால் ஓட்டம் குறையும்.

வார்த்தை வரவில்லையென்றால்? ‘ரிபோனோ ஷெல் ஓலாம்’, உலகத்தின் தலைவரே, என்ற ஒரே அழைப்பைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார் நஹ்மான். பேச முடியவில்லை என்பதையே அவரிடம் சொல்லலாம். பத்து நிமிடமும் அதிலேயே கழிந்தாலும் அது வீணான நாள் அல்ல.

இதில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில். சில வாரம் ஒழுங்காகப் பேசுபவருக்கு, உள்ளே எழும் எண்ணமெல்லாம் கடவுளின் பதில் என்று தோன்ற ஆரம்பிக்கும். யூத மரபு இதில் கண்டிப்பானது. தீர்க்கதரிசனம் ஆகாய், சகரியா, மல்கியா ஆகியோரோடு முடிந்தது என்கிறது தால்முத். ரபிகளின் சட்ட வாதத்தில் வானத்திலிருந்து குரல் வந்தபோதுகூட, ‘அது வானத்தில் இல்லை’ என்று ரபி யோசுவா எழுந்து மறுத்த கதை அதில் உண்டு. கடவுள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் தோராவை (மோசேயின் ஐந்து நூல்களை) படி என்பதே விடை. ஆண்டு முழுதும் வரும்படி தோரா 54 வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் மேலும் 7 துண்டு, நாளுக்கு ஒரு துண்டு. வேலையை விடு, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள் என்றெல்லாம் உள்குரல் சொன்னால், விவரமறிந்த மனிதர்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

காசும் கணக்கும்

தால்முத்தில் ரபி எலஅஸார் ஓர் ஏழைக்கு ஒரு காசு கொடுத்துவிட்டுத்தான் வேண்டத் தொடங்குவாராம். வீட்டில் ஓர் உண்டியல் வைத்து, பேசத் தொடங்குமுன் 5 ரூபாயோ 10 ரூபாயோ போடுங்கள், நிறைந்ததும் கொடுத்துவிடுங்கள். வருமானத்தில் 10 விழுக்காடு நல்ல அளவு, கையைச் சுட்டுக்கொள்ளாமலிருக்க 20க்கு மேல் போக வேண்டாம் என்பது பழைய வரம்பு. கடவுள் நிர்வாணிகளுக்கு உடை கொடுத்தார், நோயுற்ற ஆபிரகாமைப் பார்க்க வந்தார், மோசேயை அடக்கம் செய்தார். அவரைப் பின்பற்றுவது என்றால் இவற்றைச் செய்வதுதான் என்று தால்முத் விளக்குகிறது. மருத்துவமனைக்குப் போய் ஒருவரைப் பார்த்து வருவது அந்த வகையில் வழிபாட்டுக்கு வெளியே நிற்பதில்லை.

மனிதருக்குச் செய்த தவறைக் கடவுளிடம் சொல்லித் தீர்க்க முடியாது. பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் நோன்புகூட, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அதை நீக்காது என்கிறது மிஷ்னா. தவறை நிறுத்துங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், நேரில் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு கடவுளிடம் வாய்விட்டு அறிக்கையிடுங்கள். மறுத்தால் வேறு ஆட்களோடு போய், மொத்தம் 3 முறைவரை கேட்க வேண்டும். அதற்குமேல் பாரம் மறுப்பவர்மேல். இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர்களே அதிகம்: கடவுளிடம் கண்ணீர் விடுவது எளிது, மைத்துனரிடம் போய் நிற்பது கடினம்.

ஓய்வுநாள் அமிதாவில் அந்த 13 வேண்டுதல்களும் எடுக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் ஒரே ஓர் ஆசி வர, ஆசிகள் 7ஆகக் குறையும். யூதரல்லாதவரும் இந்த ஒன்றைக் கடன் வாங்கலாம்: வாரத்தில் ஒரு நாள் எதையும் கேட்காமல் பேசுங்கள்.

வறண்ட நாட்கள்

இரண்டாவது மாதத்தில் பெரும்பாலும் வரும். சொற்கள் வெறும் சத்தமாகத் தோன்றும். நீளமாக வேண்டிவிட்டு அதற்குக் கூலிபோலப் பலனை எதிர்பார்ப்பவன் நெஞ்சு நோகத்தான் செய்வான் என்று தால்முத் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அப்போது நேரத்தைக் குறையுங்கள், நாளைத் தவறவிடாதீர்கள். மோதே அனியும் ஒரு பெராகாவும் மட்டும் நிற்கட்டும். சொல்லே கசந்தால் மைமோனிடீஸின் வழி ஒன்று உண்டு: படைப்பை உற்றுப் பார், அதன் நுட்பம் தெரியத் தெரிய அன்பு பிறக்கும், தன் சிறுமை தெரிந்து அச்சமும் பிறக்கும் என்கிறார். அவர் மருத்துவரும்கூட.

இழப்பு நேர்ந்த காலத்தில் சாந்தமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசினார். பெர்திசேவ் ஊர் ரபி லேவி யிட்ஸ்ஹாக் (1740–1809) தம் மக்களுக்காகக் கடவுளோடு வழக்காடியவர் என்று பெயர்பெற்றவர். சங்கீதம் 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி எதையும் ஒட்டவைக்காமல் அப்படியே வாசியுங்கள். கோபமாகப் பேசுவதை மரபு உறவாகவே எண்ணுகிறது.

ஆளும் நூலும்

உனக்கொரு ஆசானை ஏற்படுத்திக்கொள், ஒரு தோழனையும் தேடிக்கொள் என்பது மிஷ்னாவின் அறிவுரை. எபிரேய வாசகத்தோடு உச்சரிப்பும் ஆங்கிலப் பொருளும் சேர்ந்து வரும் சித்தூர் (வழிபாட்டு நூல்) ஒன்றை வாங்குங்கள். அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்), செஃபார்தி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) என்று முறைகள் வேறுபடும், ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நல்லது. கடவுளின் பெயர் அச்சான நூலென்பதால் தரையில் வைக்க மாட்டார்கள், பழசானால் குப்பையில் போடாமல் புதைப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு அருகில் உள்ள பழைய ஜெப ஆலயம் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஆலயம். அங்கிருந்த சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான 10 பேர் இப்போது எளிதில் சேர்வதில்லை. சனிக்கிழமை பார்வையாளருக்கு மூடியிருக்கும். வழிபாடு நடப்பதைப் பார்க்க மும்பைதான் வசதி: 1884இல் கட்டிய கெனெஸெத் எலியாஹூ காலா கோடா பகுதியில் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை இருக்கும் என்பதால் முன்கூட்டியே தொடர்புகொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். ஓய்வுநாளில் உள்ளே படம் எடுக்கவோ எழுதவோ கூடாது. அமிதா நடக்கும்போது குறுக்கே நடக்காமல் பின்வரிசையில் நில்லுங்கள்.